இனிஷியல் மட்டும் வந்த நத்தை

வேலைக்கான நேர்முகத் தேர்வில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தபோதுதான் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது.

ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்கள் கொல்லை நிலத்தின் மேற்கு ஓரத்தில் நீளமாக ஒரு கல்லுக்கட்டு உண்டு. உழும்போது கலப்பையில் இடறிய கல்லையெல்லாம் எடுத்து வரப்போரம் எறிந்து எறிந்து, யாரும் கட்டாமலே இடுப்புயரம் எழும்பிவிட்ட சுவர் அது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலையைப் பார்த்து வரும் வழியில் இருக்கும் எங்கள் ஊருக்குச் செல்போன் கோபுரம் வந்துவிட்டது. ஆனால் சிக்னல் எங்கள் வீட்டுக்குள் வராது, கல்லுக்கட்டின் உச்சிக்கு மட்டும் வரும். அதனால் எங்கள் தெருவின் கல்யாணப் பேச்சு, ஆஸ்பத்திரிப் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் அந்தக் கல்மேல் நின்றுதான் நடக்கும். நானும் மேலே நல்ல சுடிதார், காலில் ரப்பர் செருப்பு என்ற கோலத்தில் அதன்மேல் ஏறி நின்று, பெங்களூர்க் கம்பெனிக்காரர் ஒருவரிடம் வீடியோவில் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஐந்து வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டார். நான் கீழே பார்த்தேன். செருப்பின் வார்மேல் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு கொள்ளு அளவுதான் இருக்கும். நிறமும் கொள்ளு நிறம்தான். மேலெல்லாம் மண் அப்பியிருந்தது. இரண்டு கொம்பை நீட்டி, என் சுண்டுவிரலை ஒரு மலை என்று நினைத்து யோசித்துக்கொண்டிருந்தது. நான் காலை லேசாக அசைத்ததும் உள்ளே இழுத்துக்கொண்டது. இழுத்துக்கொண்டதோடு நிற்காமல், வாசலை ஒரு சின்ன வட்ட மூடியால் டக்கென்று சாத்திக்கொண்டது. கதவோடு கூடிய நத்தை! விலங்கியலில் முதுகலை முடித்தவள் நான். இத்தனை வருஷப் படிப்பில் ஒரே ஒரு நத்தையைத்தான் எனக்குத் தெரியும். அது குளத்து நத்தை, அதுவும் ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைந்து, அம்புக்குறி போட்டு, கையெழுத்து வாங்கியது. என் செருப்பின்மேல் ஏறிய இதற்கு என்ன பெயர்?

"ஹலோ, ஆர் யூ தேர்?" என்றது போன். இல்லை என்பதுதான் உண்மை. வேலை கிடைக்கவில்லை.

முதலில் என் தலைமுறைக்குத் தெரிந்த வழியில் போனேன். உயிரினங்களைப் படம் பிடித்துப் போட்டால் பெயர் சொல்லும் செயலி ஒன்றை இறக்கி நத்தையைப் படம் எடுத்துப் போட்டேன். முதல் தடவை அது சட்டைப் பித்தான் என்றது. வெளிச்சத்தில் வைத்து மறுபடி எடுத்தேன். ஐரோப்பியக் கடற்கரைச் சிப்பி என்றது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் எங்கள் ஊரில் பாதிப்பேர் மொரப்பூர் ரயிலேறிப் போகும் பக்கம் என்று சொல்வார்கள், அவ்வளவு தூரம். மூன்றாம் தடவை கொஞ்சம் யோசித்துவிட்டு, படம் தெளிவாக இல்லை என்று பழியை என்மேல் போட்டது.

மறுநாள் காலை கல்லுக்கட்டின் அடியில் குந்தி, கல்லிடுக்கில் கைவிட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியப்பா வந்தார். என் அப்பாவின் அண்ணன். அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் இருப்பதால் எங்கள் இரண்டு வீட்டு நிலத்தையும் பார்ப்பவர் அவர்தான். கொல்லை முழுக்கக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்டிருந்தார்.

"என்ன பாப்பா தேடற? சிக்னல் கீழ வுழுந்துருச்சா?"

"நத்தைங்க பெரியப்பா."

"கொழம்பு வெக்கவா?"

"இல்லைங்க. இதுக்குப் பேரு கண்டுபிடிக்கணும்."

"நத்தைக்கு நத்தைன்னுதான் பேரு. இதைக் கண்டுபிடிக்கவா சேலத்துல ஆஸ்டல்ல சேத்துப் படிக்க வெச்சாங்க உன்னைய?" என்றவர், குரலைக் கொஞ்சம் இறக்கினார். "எதுவா இருந்தாலும் சீக்கிரம் பாத்துக்க. கெழங்கு புடுங்கினதும் பொக்லைன் வரச் சொல்லிருக்கறேன். இந்தக் கல்லை அள்ளிட்டா இன்னும் நாலு சால் சேத்து ஓட்டலாம்."

நேற்றுவரை இந்தக் கல்லுக்கட்டு போனால் சிக்னல் போகும் என்று மட்டும்தான் கவலைப்பட்டிருப்பேன்.

"பெரியப்பா, இந்த நத்தை வேற எங்கியும் இல்லைங்க. இங்க மட்டும்தான் இருக்குது."

"எங்கெங்க போயிப் பாத்த?"

நான் போய்ப் பார்த்தது எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்பு வரைக்கும். அதைச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"சரி, உனக்கும் வாணா எனக்கும் வாணா. படிச்சவங்க யாராச்சும் இதுக்கு இன்ன பேருன்னு எழுதிக் குடுக்கட்டும். பேரு வந்துட்டா இந்தக் கல்லைத் தொட மாட்டேன். பேரே இல்லாததுக்கு என்னாத்துக்கு எடம்?"

பெரியப்பா இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எதற்கும் பெயர் வேண்டும். டிராக்டரின் நெற்றியில் பெயர், போர்வெல் மோட்டார் ரூமில் பெயர், தண்ணீர்த் தொட்டியில் பெயர். பஸ் நிழற்குடையில் நிழலைவிடப் பெயர்கள் அதிகம். ஊரில் ஒருவன் உட்கார்ந்து எழுந்த இடத்தில் பெயர் இல்லாவிட்டால் அவன் அங்கே உட்காரவே இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு நத்தை பெயர் இல்லாமல் ஒரு சுவர் முழுக்க ஆக்கிரமித்திருப்பது அவருக்கு அநியாயமாகத்தான் பட்டிருக்கும்.

படித்தவர்களைத் தேடினேன். இணையத்தில் கிடைத்த கட்டுரை ஒன்றின் கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. தூரத்து நகரம் ஒன்றில் நிலத்து நத்தைகளை மட்டுமே ஆராயும் ஒரு மேடம். எழுதினேன். நமக்கெல்லாம் எங்கே பதில் வரப்போகிறது என்று இருந்தபோது பதில் வந்தது. போட்டோ போதாது, ஓடுகளை அனுப்புங்கள் என்று ஒரே வரி.

செத்துப்போன நத்தைகளின் காலி ஓடுகளாகப் பார்த்துப் பொறுக்கி, ஒரு டவராவில் போட்டு அடுப்படி ஜன்னலில் வைத்தேன். பார்சல் கட்ட டப்பா வாங்கிவரப் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய்த் திரும்பி வந்தபோது டவராவில் வேறு நத்தைகள் இருந்தன. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. மண் போய், சின்னச் சின்ன முத்துப்போல வெள்ளையாய் மின்னின.

"கழுவி வெச்சிருக்கறேன்டி," என்றாள் அம்மா. "அப்படியே சேறும் சகதியுமா அனுப்பப் பாத்தியே!"

மண்ணுக்குள் இப்படி ஓர் அழகா என்று அசந்துபோனேன். என்னைக் கண்டித்துக்கொண்டேன். விஞ்ஞானி ஆக நினைப்பவள் முதலில் மாதிரியைக் கழுவியிருக்க வேண்டாமா? பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினேன். கூரியர்க்காரர் உள்ளே என்ன என்று கேட்டார். நத்தை ஓடு என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'அழகு சாதனம்' என்று எழுதிக்கொண்டார்.

பதில் மின்னஞ்சலில் வரவில்லை, போனிலேயே வந்தது. நான் ஓடிப்போய்க் கல்மேல் ஏறினேன்.

"இது நீங்க எடுத்ததுதானே? அந்த மலையடிவாரத்துலதானே?" என்றார் மேடம். குரலில் ஒரு படபடப்பு. "அமைப்பைப் பார்த்தா கதவு நத்தைக் குடும்பம் மாதிரி இருக்கு. ஆனா அந்தப் பக்கத்து இனங்களுக்கு ஓட்டுமேல வரிவரியா ரோமம் இருக்கணும். இதுல சுத்தமா இல்லை. வழவழன்னு வெள்ளையா இருக்கு. இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்லை."

"அப்ப, புதுசுங்களா மேடம்?"

"ஒருவேளை. ஒருவேளைன்னுதான் சொல்றேன். இன்னும் மாதிரி வேணும், மூடியோட. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மாவும் யாரிடமும் சொல்லவில்லை. பெரியம்மாவிடம் மட்டும் சொன்னாள். பெரியம்மா பால் ஊற்றும் இடத்தில் சொன்னாள். அங்கே யாரிடமும் தனியாகச் சொல்ல முடியாது, எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

அந்த வாரமே பாப்பிரெட்டிப்பட்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வந்துவிட்டார். கல்யாணத்துக்குப் படம் எடுப்பது அவர் தொழில், பேப்பருக்குச் செய்தி கொடுப்பது அவர் கௌரவம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "இன்னும் உறுதியாகலைங்கண்ணா, 'ஒருவேளை'ன்னு சொல்லிருக்காங்க."

"நானும் 'ஒருவேளை'ன்னுதாம்மா எழுதுவேன்," என்றார்.

'தர்மபுரி பட்டதாரிப் பெண் புதிய நத்தை கண்டுபிடிப்பு' என்று வந்தது. 'ஒருவேளை' என்ற சொல் செய்தியின் எந்த மூலையிலும் இல்லை. என் பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட் போட்டோ எங்கிருந்தோ கிடைத்து அதில் ஏறியிருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம், பக்கத்தில் இருந்த நத்தையின் படம். கொள்ளு அளவு நத்தை பேப்பரில் எடுபடாது என்று, அண்ணன் இணையத்திலிருந்து ஒரு கம்பீரமான நத்தையை இறக்கிப் போட்டிருந்தார். கை அகலம் இருக்கும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை. பப்பாளி, வாழை, கீரை என்று எதைக் கண்டாலும் ஓர் இலை மிச்சம் வைக்காமல் மேயும் ஜாதி.

விடிந்ததும் எங்கள் கொல்லைக்கு இரண்டு விதமான ஆட்கள் வந்தார்கள். முதல் வகையினர் டிவிஎஸ்ஸில் உப்பு மூட்டையோடு வந்தார்கள். பக்கத்து ஊர்களில் பப்பாளித் தோட்டம் வைத்திருப்பவர்கள்.

"எங்க இருக்குது அது? பரவறதுக்குள்ள கொன்னுபுடணும்."

"அண்ணா, அது வேறங்க. பேப்பர்ல தப்புப் படம் போட்டுட்டாங்க. இது இத்தனூண்டுதான்," என்று விரல் நுனியைக் காட்டினேன்.

"இப்ப இத்தனூண்டு. வளந்தா?"

"இதுக்கு மேல வளராதுங்க!"

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் இப்பத்தான் கண்டுபிடிச்சேன்ற!"

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் கல்லுக்கட்டின்மேல் ஓர் உருவம் எழுந்தது. பெரியப்பா. கையில் மாடு ஓட்டும் குச்சி.

"எவனாச்சும் உப்பைக் கொட்டுனீங்க, வண்டியோட தூக்கிக் கெணத்துல போட்டுருவேன். எங்க அப்பன் தூக்கிப்போட்ட கல்லுய்யா இது. இதுல இருக்கற நத்தை எங்க வூட்டு நத்தை!"

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொக்லைன் வரச் சொன்னவரா இவர்?

அவரை மாற்றியது என் விளக்கம் இல்லை, பேப்பர்தான். அதில் 'அப்பகுதி விவசாயி ஒருவரின் நிலத்தில்' என்று ஒரு வரி இருந்தது. அந்த விவசாயி யார் என்று ஊருக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று, அன்று சாயங்காலத்துக்குள் கல்லுக்கட்டின் நடுவில் ஒரு தகரப் பலகை நட்டார். 'அரிய நத்தை வாழும் இடம். கல்லை எடுக்காதீர்' என்பது சின்ன எழுத்தில். அதற்குக் கீழே என் தாத்தாவின் பெயர், அவர் நினைவாக என்று பெரியப்பாவின் பெயர், இரண்டும் பெரிய எழுத்தில், பச்சையும் சிவப்புமாக.

இரண்டாவது வகையினர் பெயர் வைக்க வந்தவர்கள். புது உயிருக்குக் கண்டுபிடித்தவர் பெயர் வைக்கலாம் என்று ஸ்டூடியோ அண்ணன் எழுதியிருந்தார். ஒரு கட்சிக்காரர் சால்வையோடு வந்து, தங்கள் தலைவர் பெயரை வைத்தால் நத்தைக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்றார். தலைவர் வேகமானவர் ஆயிற்றே என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சால்வையைத் திரும்ப மடித்துக்கொண்டார். குலதெய்வம் கோயில் தர்மகர்த்தா அம்மன் பெயர்தான் வைக்க வேண்டும் என்றார். பெரியப்பா குறுக்கே விழுந்தார்.

"எங்க அப்பன் பேருதான். அந்த ஆளுதான் முதுகு ஒடிய இதையெல்லாம் தூக்கிப் போட்டது. அவருக்குன்னு ஊர்ல என்ன பேரு இருக்குது? ஒரு கல்வெட்டு உண்டா? இந்தக் கல்லுதான்."

"அம்மன் இருக்கறப்ப ஆம்பளப் பேரு எப்படி வெப்பீங்க? மொதல்ல இது ஆணா பொண்ணா?" என்று தர்மகர்த்தா என்னைக் கேட்டார்.

நிலத்து நத்தையில் ஆண், பெண் இரண்டும் ஒரே உடம்பில் என்று பாடத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். அதைக் கேட்டதும் தர்மகர்த்தா, "அப்ப அர்த்தநாரீசுவரர்னு வெச்சுரலாம்," என்று சமாதானத்துக்கு வந்தார்.

இந்த ரகளைக்கு நடுவில் மேடம் கேட்ட இரண்டாவது மாதிரியை நான் தேடிக்கொண்டிருந்தேன். மழை நின்று, மார்கழிப் பனியும் முடிந்து, உயிருள்ள நத்தைகள் கல்லுக்கடியில் ஆழமாகப் போய்விட்டிருந்தன. காலி ஓடுகள் மட்டும் கிடைத்தன. எல்லாம் பழுப்பு. எல்லாவற்றின் மேலும் மண். வெள்ளையாக, வழவழப்பாக ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரே சுவரில் அரிய இனம் ஒன்று, சாதாரண இனம் ஒன்று என இரண்டு வகை இருக்கிறது என்று முடிவு செய்தேன். அதற்கு ஒரு காரணமும் யோசித்து வைத்தேன். வெள்ளை இனம் மழைக்காலத்தில் மட்டும் சாகும், பழுப்பு இனம் வெயிலில் சாகும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் அன்றைக்கு அதைப் பாதி ஆங்கிலத்தில் எழுதியே விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க இருக்கட்டும் என்று பழுப்பு ஓடுகளையும் டவராவில் போட்டு ஜன்னலில் வைத்தேன்.

தை மாத வெள்ளிக்கிழமை. அம்மா குத்துவிளக்கையும் பித்தளைச் சொம்பையும் முற்றத்தில் பரப்பி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் கரைத்த புளி. நான் தாண்டிப் போகும்போது கிண்ணத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்புவது தெரிந்தது. குனிந்து பார்த்தேன். புளிக்கரைசலுக்குள் என் நத்தை ஓடுகள். ஒன்றிரண்டு பாதி வெள்ளை, பாதி பழுப்பு.

"ம்மா! என்னம்மா பண்ற?"

"கத்தாதடி. போன தடவ தேச்ச மாதிரியே தேச்சுத் தரேன். கொஞ்ச நேரம் ஊறணும், அப்பறம் சாம்பல் தொட்டுத் தேச்சா பளிச்சுன்னு வந்துரும்."

"போன தடவையும் புளியிலயா தேச்ச? கழுவினேன்னுதான சொன்ன?"

"கழுவறதுன்னா வெறும் தண்ணிலயா கழுவுவாங்க? படிச்ச மகராசி ஒருத்தி பாக்கப் போறா, பெரிய ஊருக்குப் போற சாமான். அழுக்கோட போனா, இவ வூட்ல பொம்பளன்னு ஒருத்தி இருக்கறாளா இல்லையான்னு கேக்க மாட்டாங்களா?"

நான் டவராவில் மிச்சமிருந்த ஒரு பழுப்பு ஓட்டை எடுத்து, அதன்மேல் என் பழைய ஆய்வுக்கூட லென்ஸை வைத்து வெயிலில் பார்த்தேன். மண் என்று இத்தனை மாதமாக நினைத்தது வெறும் மண் இல்லை. ஓட்டின் மேல்தோலில் வரிவரியாக, ஒழுங்காக, பூனைக்குட்டியின் முதுகுபோல ரோமம். அந்த ரோமத்தில்தான் மண் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புளியில் ஊறித் தோல் கழன்ற ஓடு. மொட்டை. வெள்ளை. புதிய இனம்.

மேடத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் கரகரவென்று ஏதோ கேட்டது. சிக்னல் போகிறது என்று நினைத்துக் கல்லின் இன்னும் உயரமான இடத்துக்குத் தாவினேன். அது சிக்னல் இல்லை, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எறும்பு தின்ன ஓடு பார்த்திருக்கேன், வெயில்ல வெளுத்த ஓடு பார்த்திருக்கேன். விளக்குத் தேய்க்கிற புளியில தேய்ச்ச ஓடு இதுதான் முதல் தடவை. அதான் அவ்வளவு மினுமினுப்பா? உங்கம்மா சமையல்கட்டுலயே ஒரு புது ஸ்பீஷிஸ் பண்ணிட்டாங்க போங்க!"

பிறகு அவர் நிதானமாகப் பேசினார். ரோமம் இருப்பது தெரிந்துவிட்டதால் எந்தப் பேரினம் என்பதில் இனிச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பேரினத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஒன்று என்று பல இனங்கள். சேர்வராயனில் உள்ளதாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வளர்ந்த, உயிருள்ள நத்தை வேண்டும். வாயில் மூடியோடு வேண்டும். மூடியில் உள்ள சுருள்தான் அவற்றின் கைரேகை.

"ஆணும் பெண்ணுமா அனுப்புங்க," என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"கதவு நத்தைல தனித்தனி. எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?"

தர்மகர்த்தாவின் முகம் என் கண்முன் வந்து போனது.

இதைப் பெரியப்பாவிடம் சொல்லப் போன அன்று கிழங்கு பிடுங்கி முடிந்திருந்தது. வண்டி லோடு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குக் கிளம்பியது. வெறும் கொல்லையின் ஓரத்தில் பொக்லைன் வந்து நின்றிருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கல்லுக்கட்டுக்கு அப்பால் இருந்த மேட்டை மட்டும் தட்டத்தான் அதைக் கூப்பிட்டிருந்தார் பெரியப்பா. நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். புளி, மொட்டை, ரோமம் எல்லாம்.

அவர் வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப புதுசு இல்ல."

"தெரியலைங்க பெரியப்பா. பேரினம் தெரிஞ்சிருச்சு. இனம்தான் தெரியல."

"தமிழ்ல சொல்லு."

"பேருக்கு ரெண்டு பகுதிங்க. குடும்பத்தைச் சொல்ற முதல் பகுதி வந்துருச்சு. இதோட சொந்தப் பேரு இன்னும் வரல."

"இனிஷியல் வந்துருக்குது, பேரு வரல. அதான?"

"அப்படித்தானுங்க."

"வெறும் இனிஷியல வெச்சு ரேஷன் கார்டு குடுப்பாங்களா? பேரு வந்தா தொட மாட்டேன்னுதான சொன்னேன், இனிஷியலுக்கு ஒண்ணும் சொல்லலியே." டிரைவர் பக்கம் திரும்பினார். "தம்பி, டீ குடிச்சாச்சா? இந்தக் கல்லையும் சேத்து அள்ளிரு."

நான் குறுக்கே போய் நிற்கவில்லை. அப்படியெல்லாம் செய்ய வேண்டும் என்று மனசில் இருந்தது, கால் வரவில்லை. பொக்லைன் தெற்குமுனையில் கையை வைத்தது. கல் உருளும் சத்தம் மலைவரைக்கும் கேட்டிருக்கும். தாத்தா ஒவ்வொன்றாகத் தூக்கிப்போட்டதை அது வாய்நிறைய அள்ளியது. நான் கண்ணை வேறுபக்கம் வைத்துக்கொண்டேன், காது மட்டும் அங்கேயே இருந்தது.

பாதிச்சுவர் போனபிறகு சத்தம் நின்றது. பொக்லைனின் கை பலகைக்கு ஒரு கை தூரத்தில் அந்தரத்தில் நின்றிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஐயா, இதுல கல்லை எடுக்காதீர்னு போட்டிருக்குதே. உங்க பேருதான?"

பெரியப்பா வரப்பில் உட்கார்ந்தார்.

"புடுங்கிப் போட்டுறட்டுங்களா?"

பலகையில் தாத்தாவின் பெயர் இருந்தது. ஊரில் அவர் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் அதுதான். பெரியப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "அதை வுட்டுருப்பா. அதுக்கு அந்தாண்ட இருக்கறதையும் வுட்டுரு. மேட்டைத் தட்டிட்டுப் போ."

விஞ்ஞானம் காப்பாற்றாத பாதிச் சுவரைத் தகரம் காப்பாற்றியது. போகும்போது பெரியப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊர்ல கேட்டா ஆராய்ச்சி நடக்குதுன்னு சொல்லு. புளிக் கதைய எவங்கிட்டயும் சொல்லாத. ஆடிப் பட்டத்துக்கு இந்த எடத்தை ஓட்டறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும். அதுக்குள்ள முழுப் பேரும் வரணும் பாப்பா. பழைய பேரா இருந்தாலும் பரவால்ல. இருக்கற பேரு இருக்கட்டும்."

இப்போது பங்குனி. கல்லெல்லாம் அடுப்பாகக் காய்கிறது. மிச்சமிருக்கும் சுவரில் சிக்னல் இரண்டு புள்ளிதான் வருகிறது. ஸ்டூடியோ அண்ணன் வழியில் பார்த்தால் 'அடுத்த கண்டுபிடிப்பு எப்போ?' என்று கேட்கிறார். உப்புக்காரர்கள் இன்னும் என்னை நம்பவில்லை. அள்ளிப்போன கல்லோடு போன நத்தைகள் எத்தனை என்று நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன், அதாவது நிறுத்த முயற்சி செய்கிறேன்.

சித்திரையில் முதல் கோடைமழை பெய்யும் சாயங்காலத்துக்காகக் காத்திருக்கிறேன். எல்லாம் தயார். மூடியில் ஊசியால் துளைபோட்ட டப்பா, ஈரத்துணி, கைவிளக்கு, லென்ஸ். கதவு சாத்திய நத்தைகளாக, வளர்ந்தவையாகப் பார்த்து எடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஆண் எது பெண் எது என்று எனக்குத் தெரியாது, அதனால் பெரிதும் சிறிதுமாகக் கலந்து எடுப்பேன். அள்ளிப்போன கல்லைக் கொட்டியிருக்கும் பள்ளத்திலும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும், கல்லோடு போனவை அங்கே பிழைத்திருக்கலாம். பிறகு சித்தேரிப் பக்கம் பஸ் ஏறி, வழியில் தெரியும் கல்லுக்கட்டுகளையெல்லாம் இறங்கிப் பார்க்க வேண்டும். எங்கெங்க போயிப் பாத்த என்று பெரியப்பா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் பாக்கி இருக்கிறது.

அம்மாவிடம் டப்பாவைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். தொட மாட்டேன் என்றாள். ஆனால் நேற்று அதைச் சுற்றிச்சுற்றி வந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "உசுரோட அவ்ளோ தூரம் போவுதுங்களே, வழில திங்கறதுக்கு என்ன வெச்சு அனுப்பப் போற?"

எனக்குத் தெரியவில்லை. இன்று மேடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்.